ஐந்து மில்லிமீட்டருக்குள் ஒரு பட்டாம்பூச்சி

கொல்லைப்புறத்தில் எடுக்கப்படும் பட்டாம்பூச்சிப் படங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகின்றன. தலை துல்லியமாக இருக்கும், இறக்கை நுனி கரைந்துபோயிருக்கும். அல்லது பூச்சி முழுவதும் பளிச்சென்று வந்திருக்கும், பின்னால் வெளிறிய குச்சியொன்று அதன் தலையைத் துளைத்துக்கொண்டு போகும். இந்த இரண்டு கோளாறுகளுக்கும் விலை கூடிய லென்ஸ் மருந்தாகாது. கேமரா எந்தக் கோணத்தில் நின்றது, எந்தப் பின்னணியைப் பார்த்து நின்றது என்பதில்தான் இரண்டும் அடங்கியிருக்கின்றன. நெருக்கப் படத்தில் துல்லியமாக விழும் பகுதி சில மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தச் சில மில்லிமீட்டரைப் பூச்சியின் உடம்பில் எங்கே கிடத்துவது என்று தீர்மானிப்பதிலிருந்தே கம்போசிஷன், அதாவது படத்தின் அமைப்பு, தொடங்குகிறது. ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரித்துப் பொருளை வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. எலுமிச்சை அழகி அளவுள்ள ஒரு பட்டாம்பூச்சி இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கிறது, உயரம் சுமார் 45 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபுல்ஃபிரேம் கேமராவின் சென்சார், அதாவது பிம்பம் விழும் தகடு, 24 மி.மீ. உயரம். பூச்சி ஃபிரேமின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டுமானால், சென்சாரின் மேல் அதன் பிம்பம் 15 மி.மீ. இருக்க வேண்டும். அதாவது உருப்பெருக்கம் 1:3. இந்த நிலையில் லென்ஸின் திறப்பை எஃப்/8 வைத்தால் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்) துல்லியமாகத் தெரியும் ஆழம் 5 முதல் 6 மி.மீ. வரைதான். எஃப்/11 வைத்தால் 8 மி.மீ.யை நெருங்கும். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் நீலன்கள் என்ற சிறு பட்டாம்பூச்சிகளை அதே அளவுக்கு ஃபிரேமில் நிறுத்த 1:1 வரை போக வேண்டியிருக்கும். அங்கே எஃப்/8-இல் கிடைப்பது வெறும் 1 மி.மீ.

அப்பர்ச்சரை, அதாவது அந்தத் திறப்பை, இன்னும் சுருக்கினால் தீராதா என்றால், ஓரளவுக்குத்தான் தீரும். 1:1-இல் லென்ஸின் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடுகிறது. நீங்கள் எஃப்/16 வைத்தால் அது எஃப்/32 போல வேலை செய்யும். ஒளி வளைவதால் படம் முழுக்க மழுங்கும், செதில்களின் வரிசை கூழாகிவிடும். பெரிய பூச்சிகளுக்கு எஃப்/8 முதல் எஃப்/11, சிறியவற்றுக்கு எஃப்/11, இதற்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபுல்ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: அதே ஃபிரேமை நிரப்பக் குறைந்த உருப்பெருக்கம் போதும் என்பதால், அதே எஃப் எண்ணில் ஆழம் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்.

இப்போது அந்த 5 மி.மீ.க்குள் ஒரு பட்டாம்பூச்சியை எப்படி அடைப்பது? பட்டாம்பூச்சி அடிப்படையில் ஒரு தட்டை. இறக்கையை மடித்திருக்கும்போது தலை, உடல், நான்கு இறக்கைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் இருக்கின்றன. சென்சார் அந்தத் தளத்துக்கு இணையாக நின்றால் 5 மி.மீ. தாராளம். கோணம் பிசகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 40 மி.மீ. நீளமுள்ள இறக்கைக்குக் கேமரா 5 டிகிரி சாய்ந்து நின்றால், இறக்கையின் ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட 3.5 மி.மீ. பின்னால் போய்விடும். 10 டிகிரி சாய்ந்தால் 7 மி.மீ. வியூஃபைண்டருக்குள் பார்க்கும்போது 10 டிகிரியைக் கண் எளிதில் கண்டுபிடிக்காது. படத்தில் மட்டும் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் லேசாகத் தூக்கி, லென்ஸுக்கு மேலாகப் பூச்சியைப் பாருங்கள். மடித்த இறக்கை மேலிருந்து பார்த்தால் ஒரு கோடாகத் தெரியும். லென்ஸ் அந்தக் கோட்டை நேர்ச்செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். பக்கவாட்டுக் கோணம் இதில் சரியாகிவிடும். மேல்-கீழ்ச் சாய்வை வியூஃபைண்டரிலேயே பார்க்கலாம். அந்தப் பக்கத்து இறக்கையின் விளிம்பு இந்தப் பக்கத்து இறக்கைக்கு மேலே மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தால், கேமரா கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கோடு மறையும்வரை இறங்க வேண்டும். வெயில் காயும் பூச்சிகள் இறக்கையைச் சூரியனை நோக்கி ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருக்கும். அப்போது கேமராவையும் அதே அளவு சாய்ப்பதுதான் சரி. படத்தில் கிடைமட்டம் எதுவும் தெரியப்போவதில்லை, எனவே சாய்ந்ததாக யாருக்கும் தோன்றாது.

ஃபோகஸ் புள்ளி கண்ணில்தான். கண் மழுங்கினால் மற்றவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் படம் செத்துவிடுகிறது. ஆனால் கண் இறக்கைத் தளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நம் பக்கமாகப் புடைத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 1:3-இல் இது பொருட்டே இல்லை. 1:1-இல் நீலனை எடுக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர்தான் மொத்த இருப்பு, கண்ணில் ஃபோகஸ் வைத்தால் இறக்கை லேசாக மென்மையாகும். அங்கே ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். நான் கண்ணை விடமாட்டேன்.

விரித்த இறக்கைக்கும் இதே விதிதான், கேமரா மட்டும் மேலே போக வேண்டும். முதுகுக்கு நேர் மேலே நின்றால் பின்னணியாக அமைவது பூச்சி உட்கார்ந்திருக்கும் இலையே. அது சுத்தமாக இருந்தால் அழகு, பூச்சி அரித்த ஓட்டையும் பறவை எச்சமும் இருந்தால் காத்திருப்பதே மேல். உண்மையான சிக்கல் பாதி விரித்த இறக்கை. இரண்டு இறக்கைகளும் இரண்டு தளங்களில் நிற்கும், இரண்டையும் ஒரே ஃபோகஸில் பிடிக்க வழியில்லை. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பக்கத்து இறக்கைக்கு இணையாக நின்று தூரத்து இறக்கையைக் கரையவிடுவது ஒன்று. முகத்துக்கு நேராக இறங்கி, கண்கள், உறிஞ்சுகுழல், உணர்கொம்பு ஆகியவற்றை மட்டும் பிடித்து, இறக்கைகளை இருபுறமும் நிறக்கறைகளாக விட்டுவிடுவது மற்றொன்று. நடுவில் எங்கோ நின்று எடுத்தால் எதுவும் உருப்படியாகத் தேறாது.

அடுத்தது பின்னணி. கொல்லைப்புறத்தில் சுவர், துணிக்கொடி, வாளி, குழாய், வேலி எல்லாமே இருக்கும். ஆகவே பூச்சியைத் துரத்துவதைவிடப் பூவைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்பதுதான் பலன் தரும். முதலில், பின்னால் குறைந்தது ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் காலியாக இருக்கும் பூக்களைக் கண்டுபிடியுங்கள். 10 செ.மீ. பின்னால் இலை இருந்தால் அதன் நரம்புகூடத் தெரியும். இரண்டு மீட்டர் பின்னால் இருக்கும் செடிக்கூட்டம் ஒரே பச்சையாக உருகிவிடும். அந்தப் பின்னணி நிழலிலும் பூ வெயிலிலும் இருந்தால் இன்னும் நல்லது. பின்னணி தானாகவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) இருண்டு, பூச்சி முன்னால் வந்து நிற்கும்.

பின்னணியை மாற்றப் பெரிதாக நகர வேண்டியதில்லை. பூ லென்ஸிலிருந்து 50 செ.மீ. தள்ளியும், பின்னணி பூவிலிருந்து 2 மீட்டர் தள்ளியும் இருக்கிறது என்று கொள்வோம். கேமராவை 5 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், பூவுக்குப் பின்னால் தெரியும் இடம் 20 செ.மீ. நகர்ந்துவிடும். தலையைத் துளைக்கும் குச்சி காணாமல் போக இது போதும். இலைகளுக்கு நடுவே வானம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும் தொல்லையும் இதே வகையில் தீரும். இந்த 5 செ.மீ. நகர்வு இறக்கைக்கு இணையாக நிற்கும் கோணத்தைக் கெடுக்கும் என்பதுதான் வலி. 50 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 6 டிகிரி, முன்னே பார்த்தபடி ஏறக்குறைய 4 மி.மீ. ஆழம் அதிலேயே போய்விடும். பூச்சி வருவதற்கு முன்பே பின்னணியைச் சரிபார்த்துவிடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பூச்சி வந்தபின் கோணத்தைப் பூச்சிதான் தீர்மானிக்கிறது.

சோதனைப் படத்தை எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே எடுங்கள். எஸ்எல்ஆர் வியூஃபைண்டர் லென்ஸை முழுக்கத் திறந்த நிலையில்தான் காட்டுகிறது. எஃப்/2.8-இல் வெண்ணெயாகத் தெரிந்த பின்னணி, எஃப்/11-இல் படமாக வரும்போது சுள்ளிகளோடு வந்து நிற்கும். லென்ஸை அந்த அப்பர்ச்சருக்குச் சுருக்கிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பிரிவியூ பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள், அது அதற்காகவே இருப்பது. வெறும் பூவை வைத்து நான்கைந்து படம் எடுத்து ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாலே, எங்கே நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிடும். பூத்தண்டு காற்றில் ஆடினால், பூவுக்கு 15 செ.மீ. கீழே ஒரு மெல்லிய குச்சியை ஊன்றி நூலால் தளர்வாகக் கட்டிவிடலாம். ஃபிரேமுக்குள் வராது, ஆட்டம் பாதியாகக் குறையும்.

எந்தப் பூ என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. தனிப் பூவில் பட்டாம்பூச்சி ஒன்றிரண்டு நொடிகள்தான் இருக்கும். இட்லிப்பூ, உன்னிப்பூ மாதிரி சிறுபூக்கள் கொத்தாக நிற்கும் இடத்தில் ஒவ்வொரு குழலாகத் தேன் எடுத்தபடி கொத்தின்மேல் மெல்லச் சுற்றும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை அதன் இறக்கைத் தளம் உங்கள் சென்சாருக்கு இணையாக வரும், ஒருமுறை வலப்பக்கம், ஒருமுறை இடப்பக்கம். நீங்கள் பூச்சியைச் சுற்றி ஓட வேண்டியதில்லை. பின்னணி சுத்தமான இடத்தில் அசையாமல் உட்கார்ந்து அது திரும்பி வருவதற்காக விரலை ஷட்டரில் வைத்திருந்தால் போதும்.

ஃபிரேமுக்குள் பூச்சியை வைக்கும் விதத்தில் அடிக்கடி நேரும் பிழை, உணர்கொம்பின் நுனியையோ இறக்கையின் ஓரத்தையோ ஒரு நூலளவு வெட்டிவிடுவது. வேண்டுமென்றே வெட்டியதாகவும் தெரியாது, முழுசாகவும் இருக்காது. எல்லாப் பக்கமும் ஃபிரேமின் பத்தில் ஒரு பங்காவது இடம் விட்டு எடுங்கள், பிறகு வீட்டில் உட்கார்ந்து நறுக்கிக்கொள்ளலாம். வெட்டுவது என்று முடிவு செய்தால் துணிந்து உள்ளே போங்கள்: பின்னிறக்கையின் புள்ளிகளும் வயிறும் மட்டும், அல்லது முகமும் சுருண்ட உறிஞ்சுகுழலும் மட்டும். மடித்த இறக்கைக்கு நெடுக்கு ஃபிரேம், விரித்த இறக்கைக்குக் கிடை ஃபிரேம் என்று பொதுவாகப் பொருந்தும். தலை பார்க்கும் பக்கம் வால் பக்கத்தைவிட அதிக இடம் விட வேண்டும். பூ முழுசாக ஃபிரேமில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் அதை ஓர் ஓரத்தில் சும்மா நறுக்காமல் தண்டு எந்த மூலையிலிருந்து நுழைகிறது என்று பார்த்து வையுங்கள். கீழ் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் தண்டு கண்ணைப் பூச்சியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நட்டநடுவில் நெட்டாக நிற்கும் தண்டு ஃபிரேமை இரண்டாகப் பிளந்துவிடும்.

தேன் குடிக்கும் படத்தில் உறிஞ்சுகுழல்தான் தலையையும் பூவையும் இணைக்கும் கோடு. பூச்சி தலையைப் பூவுக்குள் புதைத்திருக்கும்போது அது தெரியாது. ஒரு குழலிலிருந்து அடுத்ததற்கு மாறும் கணத்தில் தலை உயரும், உறிஞ்சுகுழல் முழங்கை மடங்குவதுபோல ஒரு வளைவோடு வெளியே தெரியும். ஷட்டரை அழுத்த வேண்டிய இடம் அது. இதழின் நுனியோ வேறொரு பூவோ கண்ணை மறைக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். நீலன்களில் வேறொரு காட்சி உண்டு. பல வகைகளுக்குப் பின்னிறக்கையின் கோடியில் கருப்பு வட்டமும் மயிரிழை போன்ற வாலும் இருக்கும். உட்கார்ந்ததும் இரண்டு பின்னிறக்கைகளையும் மேலும் கீழுமாக உரசும், அப்போது அந்த வால்கள் உணர்கொம்புபோல ஆடும். கொத்த வரும் எதிரியை அந்தப் பக்கம் திருப்புவதற்கான பொய்த்தலை அது. இந்தப் பூச்சிகளைத் தலையும் வாலும் ஒரே துல்லியத்தில் இருக்குமாறு முழுப் பக்கவாட்டில் எடுத்தால்தான் அந்த ஏமாற்று படத்தில் புரியும்.

நேரம் என்று பார்த்தால் காலை வெயில் விழத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பொற்காலம். பட்டாம்பூச்சியின் பறக்கும் தசைகள் சூடேறாமல் அதனால் எழ முடியாது. வெயிலுக்கு வந்து இறக்கையை விரித்தோ, பக்கவாட்டில் காட்டியோ காய்ந்துகொண்டிருக்கும். வெப்பம் கூடக் கூட உட்காரும் நேரம் குறையும். உச்சிவெயிலில் ஒளியும் கடுமை, பூச்சியும் நில்லாது. மாலையில் இலைகளின் அடியில் அடங்கும் பூச்சிகளைப் பார்த்து வைத்துக்கொண்டால் மறுநாள் விடியலில் அதே இடத்தில் அசையாமல் கிடைக்க வாய்ப்புண்டு. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி எட்டு பத்துப் படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கிங் முறை அந்த நேரத்தில்தான் எளிது. அதற்கு முக்காலி வேண்டும், காற்று கூடாது.

நெருங்குவதில் இரண்டு விஷயங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழக் கூடாது. ஒளி சட்டென்று குறைந்தால் அது எழுந்துவிடும். குனிந்து, நேர்க்கோட்டில், மெதுவாகப் போங்கள். பக்கவாட்டில் அசையும் கையும் சட்டென்று உயரும் கேமராவும்தான் அதை விரட்டுகின்றன. கேமராவை முகத்தில் வைத்தபடியே நகருங்கள். ஒரு மீட்டரில் சில படங்கள், பிறகு இன்னும் கொஞ்சம் முன்னே என்று எடுத்துக்கொண்டே போனால், பறந்தாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். பறந்துவிட்டால் அங்கேயே இருங்கள். வெயில் காயவும் எல்லை காக்கவும் உட்காரும் பல வகைகள் அதே இலைக்கே திரும்பி வரும்.

இந்த நெருக்கத்தில் லென்ஸின் குவியத்தூரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 மி.மீ. மேக்ரோ (நெருக்கப் பட) லென்ஸில் 1:1-க்குப் போனால் லென்ஸ் முகப்புக்கும் பூச்சிக்கும் நடுவே ஏறத்தாழ 15 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. 60 மி.மீ. மேக்ரோவில் அதைவிடவும் குறைவு, பட்டாம்பூச்சிக்கு அது சரிப்படாது. நீளமான லென்ஸ் தூரத்தையும் தரும், பார்வைக் கோணம் குறுகலாக இருப்பதால் பின்னணியில் தெரியும் பரப்பையும் சுருக்கும். மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்களுக்கு 70-300 மாதிரி ஜூமின் முன்னால் திருகும் நல்ல இரட்டை வில்லை க்ளோஸப் லென்ஸ் அருமையான வழி. 500 மி.மீ. குவியமுள்ள க்ளோஸப் வில்லையை 200 மி.மீ.யில் போட்டால் உருப்பெருக்கம் 0.4. லென்ஸ் ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும்போது அரை மீட்டர் தள்ளியே நிற்கலாம். 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 25 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டாலும் 1:2 கிடைக்கும், ஆனால் பூச்சியின் மூக்குக்கு நேரே போக வேண்டும்.

கைபேசியில் ஆழம் பற்றிய கவலை குறைவு, பின்னணிதான் பகை. அதன் மேக்ரோ முறை பெரும்பாலும் அகலக்கோண கேமராவைத்தான் பயன்படுத்துகிறது. சில சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும், கொல்லைப்புறம் முழுக்க ஃபிரேமுக்குள் வந்துவிடும், கைபேசியின் நிழலே பூச்சிமேல் விழும். மேக்ரோ முறையை அணைத்துவிட்டு, டெலி கேமரா இருந்தால் அதில் சற்றுத் தள்ளி நின்று எடுங்கள்.

ஃபிளாஷ் இல்லாதபோது ஷட்டர் வேகம் பொதுவாக 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம். நெருக்கத்தில் கை நடுக்கமும் பெரிதாகிறது, லென்ஸின் ஸ்டெபிலைசர் தூரக் காட்சிக்கு உதவும் அளவுக்கு இங்கே உதவாது. ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளியுணர்வு, 800, 1600 வரை போகட்டும், குருணையைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது, அசைவை அந்த அளவுக்கு நீக்க முடியாது. எலுமிச்சை அழகி போன்ற அழகி வகைகள் தேன் குடிக்கும்போதும் முன்னிறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். உறைய வைக்க 1/1000-க்கு மேல் வேண்டும். மாறாக 1/250 வைத்தால் தலை துல்லியமாகவும் முன்னிறக்கை அசைவோடும் வர வாய்ப்பிருக்கிறது. பத்துக்கு ஒன்று தேறினாலும் அந்த ஒன்று நன்றாக இருக்கும். ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடி அலைந்தால் தேடும் தூரத்தைக் குறுக்கும் ஃபோகஸ் லிமிட்டரை லென்ஸில் போடுங்கள். 1:2-க்கு மேல் மேனுவல்தான் நிம்மதி. உருப்பெருக்கத்தை முதலிலேயே வைத்துவிட்டு, முழங்கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை மயிரிழை முன்னே சாய்த்தபடி ஐந்தாறு படங்கள் தொடர்ச்சியாக அடியுங்கள். ஒன்றில் கண் சிக்கும்.

எக்ஸ்போஷரில் வெள்ளை, மஞ்சள் பூச்சிகள்தான் ஏமாற்றும். இருண்ட பச்சைக்கு நடுவே சிறிய வெள்ளைப் பூச்சி இருந்தால் மீட்டர் பச்சையைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், இறக்கை வெறும் காகிதமாகும். முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். ஆரஞ்சு நிற வெந்தய வரியனில் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் சரியாக இருக்கும்போதே சிவப்புச் சானல் தனியாக உச்சத்தில் முட்டிக்கொள்ளும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். கேமரா பதப்படுத்தாத ‘ரா’ கோப்பாக எடுத்தால் கொஞ்சம் மீட்கலாம்.

ஃபிளாஷ் போட்டால் பின்னணி கரி இருட்டாவது ஏன் என்று பலரும் கேட்பார்கள். ஃபிளாஷ் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: பூச்சிக்கு 30 செ.மீ.யில் கிடைப்பது இரண்டு மீட்டருக்கு அப்பால் ஏறத்தாழ இல்லவே இல்லை. பின்னணியை இயல்பான ஒளிதான் காட்ட வேண்டும். எனவே ஃபிளாஷ் இல்லாமலே பின்னணி ஒரு ஸ்டாப் மட்டும் குறைவாக வருமாறு 1/200 ஷட்டர், ஐஎஸ்ஓ 400 அல்லது 800 என்று முதலில் அமைத்துவிட்டு, பிறகு ஃபிளாஷைக் குறைந்த சக்தியில், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் அகலமான வெள்ளை டிஃப்யூசர் வழியாகச் சேருங்கள். டிஃப்யூசர் சிறிதாக இருந்தால் கண்ணில் வெண்புள்ளியும் செதில்களில் எண்ணெய்ப் பளபளப்பும் வரும். என்னைக் கேட்டால், மெல்லிய மேகம் மறைத்த காலை ஒளிக்கு எந்த ஃபிளாஷும் ஈடில்லை. வெயில் பின்பக்கமிருந்து வந்தால் இறக்கையை ஊடுருவி நரம்புகளைக் காட்டும் ஒளியும் அப்படித்தான்.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயங்கவைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உயிரை வதைப்பது ஒருபுறம், படமும் பொய்யாகும். கால்கள் பூவைப் பற்றாமல் மடங்கியிருக்கும், தெரிந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார்கள். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்து இறக்கை உலர்த்தும் பூச்சியைத் தொடவும் கூடாது, அது தொங்கும் கிளையை அசைக்கவும் கூடாது. கசங்கியபடி உலர்ந்த இறக்கை பிறகு நேராகாது. தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் அதற்கும் இடைஞ்சல் இல்லை, உங்களுக்கும் ஒரு மணி நேரம் அசையாத பூச்சி கிடைக்கும்.

படங்களைக் கழிக்கும்போது வரிசை முக்கியம். முதலில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் அடுத்ததைப் பார்க்காமலே நீக்கிவிடலாம். பிறகு உணர்கொம்பு நுனிகள், பிறகு இறக்கையின் நான்கு ஓரங்கள், கடைசியாகச் சிறிதாக்கி விரலளவில் பின்னணி. சிறிய அளவில் கண் முதலில் எங்கே போகிறது என்று கவனியுங்கள். பூச்சிக்குப் போகாமல் ஓரத்து வெளிச்சப்புள்ளிக்குப் போனால், அந்தப் புள்ளியைக் கருக்கவோ நறுக்கவோ வேண்டும். நறுக்கும்போது அளவு நினைவிருக்கட்டும். 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்தையும் உயரத்தையும் பாதியாக நறுக்கினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். திரையில் பார்க்க அது தாராளம், பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டப் போதாது.